நிற்பவர் ஓவியரா, கணக்குப்பிள்ளையா? பழைய தஞ்சாவூர் பலகைப் படத்தில் இருவர்

பாபநாசம் பக்கத்துப் பூர்வீக வீட்டில் இருக்கும் பலகைப் படத்தைப் பற்றி நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். தலைப்பாகையோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் வம்சத்து மிராசுதார். பக்கத்தில், கையில் மெல்லிய குச்சி போன்ற ஒன்றோடு நிற்பவர் அந்தப் படத்தை எழுதிய ஓவியரே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். அது உண்மையா, படத்துக்கு என்ன வயது இருக்கும் என்பவை முதல் இரண்டு. முகம் மங்கித் தங்கம் உரிந்து வருவதால், புது ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்) ஒட்டி முகத்தையும் திருத்தித் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார், கொடுக்கலாமா என்பது மூன்றாவது. இவை மூன்றும் ஒன்றில் போய் முடிகின்றன: அந்த இருவர் யார் என்பதற்கு எந்தச் சாட்சியை நம்புவது? அந்தச் சாட்சி படத்தின் மேல்பூச்சிலும் பலகையின் முதுகிலும்தான் இருக்கிறது. அதனால் மூன்றாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். கடைக்குக் கொடுக்காதீர்கள். வீட்டிலும் ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள்.

காரணம் இந்தப் படம் செய்யப்படும் முறையில் இருக்கிறது. பழைய வழக்கப்படி பலாப் பலகையோ தேக்குப் பலகையோ எடுத்து, அதன் மேல் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். துணியின் மேல் சுண்ணாம்புப் பொடியைப் பிசினில் குழைத்துப் பல தடவை பூசி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்ப்பார்கள். அதன் மேல் கோட்டுருவம். நகை, தூண், திரைச்சீலை வரும் இடங்களில் அதே பொடியைக் கெட்டியாகக் குழைத்த மக்கைப் புடைப்பாக வைத்து, கல் பதித்து, தங்க ரேக்கை ஒட்டுவார்கள். பிறகு நிறம். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அணில் மயிர்த் தூரிகையால் கண், புருவம், மீசை, விரல் இடுக்கு, பூணூல், நெற்றிக்குறி, கையில் இருக்கும் பொருளின் ஓரம் ஆகிய மெல்லிய கோடுகள். இவை அனைத்தையும் பிடித்து நிறுத்துவது தண்ணீரில் கரையும் பிசின். ஈரத்துணி பட்டதும் முதலில் கரைவது கடைசியில் போட்ட கோடுதான். நிற்பவர் கையில் இருப்பது தூரிகையா வேறா என்று காட்டக்கூடிய அந்த ஒரு மயிரிழைக் கோடு ஒரே துடைப்பில் போய்விடும். மங்கலான முகம் உங்களுக்குக் குறையாகத் தெரியலாம். ஆனால் மங்கல் பெரும்பாலும் மேலே படிந்த விளக்குப் புகையாலும், பிற்காலத்தில் யாரோ அடித்த வார்னிஷ் பழுத்ததாலும் வருவது. அவற்றுக்கு அடியில் கோடு இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு. கடையில் முகம் "திருத்துகிறவர்" அந்தக் கோட்டைத் தேடமாட்டார், அக்ரிலிக்கில் புது முகம் போடுவார். அதற்குப் பிறகு அது யார் முகம் என்று கேட்டுப் பயனில்லை.

இப்போது நிற்பவர் விஷயத்துக்கு வருகிறேன். மராட்டியர் கால, அதற்குப் பிந்திய தஞ்சாவூர் உருவப்படங்களில் யார் பெரியவர் என்பதை முகத்தைக் காட்டிலும் இருக்கையும் அளவும் சொல்லும். திண்டோ நாற்காலியோ யாருக்கு, யார் உருவம் பெரிது, யார் முகம் நேராக, யார் முகம் பக்கவாட்டில் என்று பாருங்கள். உட்கார்ந்திருப்பவர்தான் படத்தை எழுதச் சொன்னவர், அல்லது அந்தக் குடும்பத்தின் தலைவர் என்பதை ஏறக்குறைய நிச்சயமாகக் கொள்ளலாம். நிற்பவர் அவருக்குக் கட்டுப்பட்டவர், அல்லது இளையவர். இதுவரை சிக்கல் இல்லை. நிற்பவர் ஓவியர் என்று சொல்ல மட்டும் தனிச் சான்று வேண்டும். ஏனென்றால் டெல்டா மிராசுதார் ஒருவர் பக்கத்தில் நிற்கத் தகுதியானவர்கள் பலர்: கணக்குப்பிள்ளை, காரியஸ்தர், வெற்றிலைப் பெட்டி ஏந்துகிறவர், விசிறி வீசுகிறவர், மகன், தம்பி, வீட்டில் ஆதரிக்கப்பட்ட வித்வான்.

குச்சி போன்ற பொருளை வைத்துப் பார்த்தால் போட்டி முக்கியமாக ஓவியருக்கும் கணக்குப்பிள்ளைக்கும்தான். தூரிகையும் எழுத்தாணியும் மங்கிய படத்தில் ஒன்று போலவே தெரியும். ஆனால் பிடிக்கும் விதம் வேறு. எழுத்தாணியை வலது உள்ளங்கைக்குள் அடக்கிப் பிடிப்பார்கள். இடது கையில் ஓலை இருக்கும். இடது கட்டைவிரல் எழுத்தாணிக்கு முட்டுக் கொடுத்துத் தள்ளும்; எழுதும்போது ஓலைதான் நகரும். ஆகவே இரண்டு கையும் மார்புக்கு அருகே ஒன்றாகச் சேர்ந்திருக்கும். எழுத்தாணியின் ஒரு முனை கூர்மை. மறுமுனை ஓலையைச் சீவத் தட்டையாகவோ கத்தி போலவோ, சிலவற்றில் அலங்காரக் கொண்டையோடோ இருக்கும். தூரிகை என்றால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றின் நுனியில் நிற்கும். இடது கை வேறு இடத்தில் இருக்கும்: ஒரு சிறு பலகையைப் பிடித்திருக்கும், அல்லது நிறக் கிண்ணத்தைத் தாங்கியிருக்கும். முனைக்குச் சற்று மேலே மயிர்க்கட்டு தடித்து, பிறகு கூராக ஒடுங்கும். அந்தத் தடிப்பு உங்கள் படத்தில் அரிசியளவுகூட இராது. அதனால்தான் அந்தக் கையை மட்டும் மிக நெருக்கமாகப் படம் எடுங்கள் என்கிறேன். காலடியில், தூணோரத்தில் கொட்டாங்கச்சியோ சிறு கிண்ணங்களோ வரிசையாக இருந்தால் ஓவியர் பக்கம் பலம் கூடும். ஓலைக்கட்டோ சிறு சாய்வுப் பெட்டியோ இருந்தால் கணக்குப்பிள்ளை. வாயருகே கை வைத்திருந்தால் அது வணக்கக் குறி, தொழிலைக் காட்டாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிற்பவர் தூரிகையை இடது கையில் பிடித்திருந்தால், அவர் கண்ணாடியில் பார்த்துத் தன்னையே எழுதிக்கொண்டார் என்று ஊகிக்க இடம் உண்டு. கண்ணாடியில் வலது இடதாகத் தெரியும். ஆனால் இதே இடவலமாற்றம் வேறு வழியிலும் வரும். கண்ணாடியின் பின்பக்கத்தில் எழுதும் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களில் ஓவியர் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும். அவற்றைப் பார்த்துப் பலகையில் படி எடுக்கும்போது கை மாறிப் போகலாம். சரிபார்க்க ஒரு வழி பூணூல். அது இடது தோளில் கிடக்க வேண்டும். பார்க்கிற உங்களுக்கு வலப்பக்கமாகத் தெரியும். உட்கார்ந்திருப்பவருடைய பூணூலும் மாறியிருந்தால் படம் முழுவதுமே திரும்பியிருக்கிறது. நிற்பவருக்கு மட்டும் மாறியிருந்தால்தான் கண்ணாடி ஊகத்துக்கு மதிப்பு. அப்போதும் அது குறிப்புதான், நிரூபணம் ஆகாது.

நம் ஓவியர்கள் தங்களைப் படத்துக்குள் வைத்ததே இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு அருகிலேயே திருவாரூர் தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் புராணச் சோழ மன்னன் முசுகுந்தனின் கதை எழுதப்பட்டிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அந்த ஓவியங்களில் சிங்காதனம் என்ற ஓவியர் தன் உருவத்தை எழுதி, பக்கத்தில் தமிழில் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். கல்லில் இதைவிடப் பழைய சான்று உண்டு. கோனேரிராசபுரம், அதாவது பழைய திருநல்லம். அங்கே செம்பியன் மாதேவியார் தன் கணவர் கண்டராதித்தர் பெயரால் எடுப்பித்த கற்கோயிலில், கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பமும், கோயிலைக் கட்டிய ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தனின் உருவமும் இருக்கின்றன. இரண்டுக்கும் கீழே யார் என்று கல்வெட்டு இருக்கிறது. புரவலர், கலைஞர் இருவரையும் பெயரோடு ஒரே கோயிலில் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம். வடக்கே ஜஹாங்கீர் அரசவையில் பிசித்ர் என்ற ஓவியர், பேரரசர் சூஃபி ஞானிக்கு நூல் கொடுக்கும் படத்தின் இடது கீழ் மூலையில், கையில் ஒரு சிறு ஓவியத்தோடு தன்னையே எழுதினார். 18-ஆம் நூற்றாண்டு நடுவில் ஜஸ்ரோட்டா என்ற இமயமலை அடிவாரச் சிற்றரசின் பல்வந்த் சிங்குக்காக எழுதிய ஓவியர் நைன்சுக், பல்வந்த் சிங் ஓவியம் பார்க்கும் காட்சியில் பவ்யமாகத் தானும் இடம்பெற்றார். ஆக வழக்கம் இருந்தது. ஆனால் இவற்றில் ஓவியர் யார் என்று நாம் அறிவது பெயர் எழுத்தாலோ, கையில் உள்ள பொருளாலோ, அதே ஆளின் வேறு படங்களோடு ஒப்பிட்டோதான். குடும்ப நினைவு மட்டும் வைத்து ஒன்றையும் அறியவில்லை.

பெயர் எழுதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே உதாரணம். கருவறையைச் சுற்றிய உள் திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிப்படுத்தினார். அதில் தாடியோடு ஒருவரும் இளையவர் ஒருவரும் நெருங்கி நிற்கும் இருவர் படம் புகழ்பெற்றது. இராசராசனும் கருவூர்த்தேவரும் என்று பாடப்புத்தகம் முதல் நாட்காட்டி வரை அச்சாகிறது. படத்தின் கீழே பெயர் கிடையாது. அரசர்க்குரிய கிரீடமும் கிடையாது. கருவூர்த்தேவர் இராசராசேச்சரத்தின் (பெரிய கோயிலின் பழைய பெயர்) மேல் திருவிசைப்பா பாடியவர் என்பது உறுதி. ஆனால் அதே கோயில் கல்வெட்டு அரசனின் குருவாகச் சொல்வது ஈசான சிவபண்டிதரை. அழகான, பொருத்தமான அடையாளம், ஆனாலும் ஊகம். இராசராசன் படத்துக்கே நிலைமை இது என்றால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை "இருக்கலாம்" என்ற இடத்தில் வைப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவாகாது.

வயதுக்கு வருவோம். நாற்காலி இருப்பதால் படம் பிந்தியது என்று சொல்லிவிட முடியாது. இரண்டாம் சரபோஜி காலத்திலேயே, அதாவது 1798-க்கும் 1832-க்கும் இடையில், தஞ்சாவூர் அரண்மனைக்கு ஐரோப்பியச் சாமான்கள் பழக்கமாகிவிட்டன. ஒளியைப் பாருங்கள். பழைய தஞ்சாவூர் முகத்தில் நிழல் இரு கன்னத்து ஓரங்களிலும் ஒரே அளவாக இருக்கும். மூக்குக்கு ஒரு பக்கம் மட்டும் நிழல், தாடைக்குக் கீழே கறுப்பு, பூ போட்ட விரிப்பு, பக்கத்தில் முக்காலியும் பூ ஜாடியும் என்றால் ஸ்டூடியோ புகைப்படத்தைப் பார்த்து எழுதியது. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னியஸ் டிரைப் தஞ்சாவூர்க் கோயிலைப் புகைப்படம் எடுத்தது 1858-இல். ஸ்டூடியோ உருவப்படங்கள் வசதியான வீடுகளுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். புகைப்படத்திலிருந்து எழுதியது என்று உறுதியானால் ஓவியர் கதை பலவீனமாகும். அப்போது இருவரும் சேர்ந்து ஸ்டூடியோவுக்குப் போயிருக்க வேண்டும். அது பெரும்பாலும் உறவினரோ காரியஸ்தரோதான்.

நிறமும் பேசும். செயற்கை அல்ட்ராமரைன் நீலம் 1828-க்கு முன் கிடையாது. டைட்டானியம் வெள்ளை கடைக்கு வந்தது 1920-களை ஒட்டி. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைப் படத்தின் மேல் நீட்டினால், ஒரு துகளும் சுரண்டாமல் எந்த உலோகத் தனிமம் இருக்கிறது என்று காட்டும். டைட்டானியம் அதிகமாக வந்தால் அந்த இடம் 20-ஆம் நூற்றாண்டுப் பூச்சு. ஆனால் மூலப் பூச்சா, பிற்காலத் திருத்தமா என்று பிரித்துப் பார்க்காமல் முழுப் படத்துக்கும் அதைப் பொருத்தக்கூடாது. களிமண் கலந்த அடிப்பூச்சிலும் கொஞ்சம் டைட்டானியம் இயல்பாகவே வரும். கார்பன் சோதனைக்குச் செலவழிக்க வேண்டாம். 1650-க்குப் பிந்திய பொருள்களுக்கு அது பல நூற்றாண்டுகளில் பரந்த விடையைத்தான் தரும். அதுவும் மரத்தின் வயதே தவிர ஓவியத்தின் வயதல்ல. சட்டத்துக்குப் பின்னால் ஒட்டிய செய்தித்தாளின் தேதி சட்டம் போட்ட காலத்தை மட்டும் சொல்லும்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். படத்தைச் சுவரிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து இறக்கி, முகம் மேலே பார்க்க, மேசையில் படுக்க வையுங்கள். உதிரும் தங்கமோ மக்கோ இருந்தால் சிறு காகித உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று உறையின் மேல் எழுதுங்கள். ஒட்ட முயல வேண்டாம். ஃப்ளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் முழுப் படத்தையும் நான்கு ஓரங்களையும் எடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பலகையோடு ஒட்டியபடி சாய்வாகப் பிடித்து, நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று. நேர் வெளிச்சத்தில் தெரியாத கோட்டுத் தடமும், பூச்சு எழும்பிய இடமும் அப்போது தெரியும். நிற்பவர் கையை, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, நெருக்கத்தில். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் கிடைத்தால் அதுவும் பயன்படும்: அரக்கு வார்னிஷ் ஆரஞ்சாக ஒளிரும், பிற்காலத்தில் வைத்த நிறம் பெரும்பாலும் கறுப்புத் திட்டாகத் தெரியும். அந்த வெளிச்சத்தை நேராகப் பார்க்காதீர்கள்.

முன்பக்கம் எழும்பாமல் உறுதியாக இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும், பலகையை ஓரமாக நிமிர்த்திப் பிடித்து முதுகையும் அதே சாய்ந்த ஒளியில் எடுங்கள். தஞ்சாவூர் ஓவியர்களில் பலர் தெலுங்கு பேசும் ராஜு சமூகத்தவர். எழுத்து தெலுங்காகவோ தமிழாகவோ இருக்கலாம். அரண்மனைத் தொடர்பு இருந்தால் மராத்தியை வேகமாக எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தாகவும் இருக்கலாம். உங்களுக்குக் கிறுக்கலாகத் தெரிவதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். மோடி ஆவணங்கள் நிறைய உள்ள தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலக வட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்களை விசாரிக்கலாம். அதோடு வீட்டுப் பழைய கணக்கு நோட்டுகளைத் தேடுங்கள். "சித்திரக்காரருக்கு", "ராஜுவுக்கு", "தங்க ரேக்கு வகையில்" என்று ஒரு பற்று வரி கிடைத்தால், படத்தின் காலத்துக்கும் ஓவியருக்கும் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கணக்குப்பிள்ளையின் பெயரும் அங்கேயே இருக்கும்.

பாதுகாப்புக்கு: ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உள்சுவரில், சுவருக்கும் பலகைக்கும் ஓர் அங்குலம் காற்று போகும்படி கட்டை வைத்து மாட்டுங்கள். ஈரம் என்று வெயிலில் காயவைத்தால் பலகை வளைந்து, அதன் மேல் உள்ள சுண்ணாம்புப் பூச்சு விரிசல் விட்டு எழும்பும். உரிதலுக்குப் பெரும்பாலும் இந்த வளைவுதான் காரணம், விரிசல் பலகை இணைப்பை ஒட்டி ஒரே நேர்கோடாக ஓடுவதை நீங்களே பார்க்கலாம். முன்கண்ணாடி படத்தில் படக்கூடாது; ஐந்து மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சட்டத்துள் மரச்சீவல் வைக்கச் சொல்லுங்கள். கீழே மாவு போலப் புதுத் தூள் விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. பின்னாலிருந்து மண்ணெண்ணெயோ கரையான் எண்ணெயோ ஊற்றினால் முன்பக்கம் வரை ஊறிக் கறை படும். மற்ற மரச்சாமான்களிலிருந்து அதைப் பிரித்து வைத்துவிட்டு வல்லுநரைக் கூப்பிடுங்கள். பூசையில் வைத்த சந்தனம், குங்குமம் முகத்தில் இருந்தால் அப்படியே விடுங்கள். அதையும் முறையாக எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக்கூடம் இந்தத் துறையில் பழமையானது. பெரிய கோயில் சோழ ஓவியங்களின் செய்முறையைச் சோதித்த எஸ். பரமசிவன் உருவாக்கியது அது. இன்டாக் (INTACH) என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்புக்கும் ஓவியப் பாதுகாப்பு மையங்கள் உண்டு. யாரிடம் கொடுத்தாலும் மூன்று நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்: வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துத் தர வேண்டும், இல்லாத இடத்தில் புது முகமோ புதுக் கையோ எழுதக்கூடாது, வைக்கும் எதையும் பிற்காலத்தில் எடுக்க முடிய வேண்டும். தங்கம் போன இடத்தில் புது ரேக்கு ஒட்டவே வேண்டாம்; எழும்பி நிற்கும் பழைய ரேக்கை இருந்த இடத்திலேயே படிய வைத்தால் போதும். நூறு ஆண்டு கடந்த ஓவியம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டப்படி தொல்பொருள். அதைப் பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கும் அனுப்ப முடியாது. விலை கேட்டு வருகிறவர்களிடம் பேசுவதற்கு முன் பதிவை முடித்துவிடுங்கள். கையின் நெருக்கப் படமும் முதுகுப் படமும் எடுத்ததும் இங்கே போடுங்கள். எழுத்தாணியா தூரிகையா என்பதை அவற்றைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.